ஜெபக் குறிப்பு

சனிக்கிழமை என்றால் அந்த வீட்டில் காலையிலேயே அடுப்பு பற்றிவிடும். சாயங்காலம் இருபது பேர் சாப்பிட வருவார்கள். சில வாரம் முப்பதும் ஆகும். எத்தனை பேர் என்று முன்கூட்டியே சொல்லும் வழக்கம் அண்ணனுக்குக் கிடையாது. சாப்பிட வருகிறவர்களை எண்ணக் கூடாது என்பார். எண்ணாமல் உலை வைக்கிறவளுக்கு அல்லவா தெரியும் அந்தக் கஷ்டம்.

அண்ணன் என்றதும் சின்ன வயசு என்று நினைத்துவிட வேண்டாம். மீசை நரைத்து, கண்ணாடி இல்லாமல் பஸ் போர்டு படிக்க முடியாத வயது. கல்லூரிப் பிள்ளைகள் கூப்பிட்டுக் கூப்பிட்டு அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. அவர் மனைவி அக்கா. அண்ணன் மனைவி எப்படி அக்கா ஆவாள் என்று இதுவரை யாரும் கேட்டதில்லை. அவளைப் பற்றி யாரும் எதையும்தான் கேட்டதில்லை.

அண்ணனுக்குக் கல்லூரியில் ஊழியம். பாடம் எடுப்பவரும் இல்லை, ஆபீசில் உட்காருபவரும் இல்லை. போய்ப் பிள்ளைகளோடு இரு என்று சபை அவரை அனுப்பி வைத்திருந்தது. மதிய நேரத்தில் கேண்டீனுக்குள் நுழைந்து, ஒரு டீயை வாங்கிக்கொண்டு நாலு பக்கமும் பார்ப்பார். தனியாகச் சாப்பிடுகிற பிள்ளையை அவர் கண் எப்படியோ கண்டுபிடித்துவிடும். எதிரே போய் உட்கார்ந்து, "வீட்டுக்குப் பேசுனியா?" என்பார். அவ்வளவுதான் அவருடைய வித்தை. வெளியூரிலிருந்து வந்து விடுதிக் கட்டிலில் சுருண்டு கிடக்கிற பிள்ளைக்கு அந்த ஒரு கேள்வி போதும், கண் கலங்கிவிடும். அடுத்த சனிக்கிழமை அது அக்கா போட்ட சோற்றைச் சாப்பிட்டுக்கொண்டிருக்கும். வலை வீசுகிறார் என்று பேசியவர்களும் உண்டு. வலை என்றால் அந்தச் சோறுதான் வலை. நம்பிக்கை வந்தவர்கள் வந்தார்கள், வராதவர்களும் நாலு வருஷம் வயிறாரச் சாப்பிட்டுவிட்டுப் பட்டம் வாங்கிப் போனார்கள்.

அவர்களுடைய சபை கூடுவது பஸ் டிப்போவுக்குப் பக்கத்தில், ஒரு பழைய டயர் கோடவுனில். வெயில் காலத்தில் இப்போதும் ரப்பர் வாசனை வரும். ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் அது ஆலயம். மற்ற நாட்களில் வேலைக்குப் போகிற தாய்மாரின் குழந்தைகளை அங்கே பார்த்துக்கொள்வார்கள். புதன்கிழமை சூப்பும் ரொட்டியும் உண்டு, யார் வேண்டுமானாலும் வந்து குடிக்கலாம். ஒரு மூலையில் பழைய துணி மலைபோலக் குவிந்து கிடக்கும். அந்தத் துணியை உடுத்தும்படி ஆக்குவது அக்காவின் வேலை. ஜிப் மாற்றுவாள், இடுப்பைப் பிடித்துத் தைப்பாள், பேன்ட்டின் அடி மடிப்பைப் பிரித்து நீளம் விடுவாள். வெளியிலிருந்தும் ஆல்டரேஷன் துணி வரும். வீட்டில் தையல் மெஷின் இருந்தது மகளின் அறையில். மகள் கட்டிலில் உட்கார்ந்து படிப்பாள், அம்மா மெஷின் ஓட்டுவாள். அந்தச் சத்தம் நின்றால் மகள் தலையைத் தூக்கிப் பார்ப்பாள்.

மகளுக்கு வீட்டில் குட்டி என்று பெயர். அதே கல்லூரியில் இரண்டாம் வருஷம் படித்தாள். ஒரே பிள்ளை.

சாப்பாடு முடிந்ததும் பிள்ளைகள் பாய் விரித்து வட்டமாக உட்காருவார்கள். ஆளுக்கொரு ஜெபக் குறிப்பு சொல்ல வேண்டும். பரீட்சை, வீட்டில் அப்பாவுக்கு உடம்பு சரியில்லை, ரூம்மேட்டோடு சண்டை, இப்படி ஏதாவது. சொன்னவருக்காக இடது பக்கம் இருப்பவர் வாய்விட்டு ஜெபிப்பார். அது அப்படியே ஒரு சுற்று வரும். அக்கா அந்த வட்டத்தில் உட்கார்ந்ததே இல்லை. அந்த நேரத்தில் அவள் பெரிய அண்டாவைச் சாய்த்துப் போட்டு அடி தேய்த்துக்கொண்டிருப்பாள். சுவர் வழியாக எல்லாம் கேட்கும். யார் வீட்டில் என்ன நடக்கிறது என்று அவளுக்கு அத்துப்படி. அடுத்த வாரம் அந்தப் பிள்ளை வந்தால் ஒரு கரண்டி கூடுதலாக வைப்பாள். அவளுக்கும் சொல்ல ஏதாவது இருக்கும் என்று யாருக்குத் தோன்றியது? குட்டிக்குத் தோன்றும். "உனக்கு என்னம்மா இன்னிக்கு?" என்று கட்டிலில் இருந்தபடியே கேட்பாள். அந்த வீட்டில் அந்தக் கேள்வியை அக்காவிடம் கேட்கிற ஒரே ஆள் அவள்தான்.

மழை பிடித்துக்கொண்ட மாதம் அது. துணி காயாமல் வீடு முழுக்கக் கொடி கட்டியிருந்தது. அக்கா ஒரு கால்சட்டையின் மடிப்பைப் பிரித்துக்கொண்டிருந்தாள். குட்டி புத்தகத்தைப் பார்த்தபடியே சொன்னாள்.

"அம்மா, எனக்கு ஜெபம் வர மாட்டேங்குது."

"டயர்டா இருக்கும்."

"இல்லம்மா. ஒரு வருஷம் ஆச்சு. கண்ண மூடி சும்மா உக்காந்திருக்கேன். அந்தப் பக்கம் யாரும் இருக்கற மாதிரியே தோணல."

அக்கா பிரித்த நூலைக் கையில் சுற்றிக்கொண்டே இருந்தாள். திட்டவும் தோன்றவில்லை, அழவும் தோன்றவில்லை. மகள் இவ்வளவு நாள் தனியாக இதைச் சுமந்திருக்கிறாளே என்றுதான் நெஞ்சு வலித்தது.

"அப்பாகிட்ட சொல்லாத. நானே சொல்றேன், எனக்கு எப்ப முடியுதோ அப்ப," என்றாள் குட்டி.

சரி என்று அக்கா தலையாட்டினாள். மனப்பூர்வமாகத்தான் ஆட்டினாள்.

கொஞ்ச நாள் தாங்கினாள். சமைக்கும்போது அது நினைவு வரும், துணி வெட்டும்போது வரும். யாரிடம் சொல்லி ஆற்றிக்கொள்வது? வருகிறவர்கள் எல்லாரும் தங்கள் பாரத்தை அந்த வீட்டில் இறக்கி வைக்க வருகிறவர்கள். கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை, மார்க்கெட்டில் வெங்காயமும் உருளைக்கிழங்கும் வாங்கிக்கொண்டு திரும்புகிற வழியில், புருஷனிடம் சொல்லிவிட்டாள். அண்ணன் தோளில் இருந்த மூட்டையை நடைபாதையில் இறக்கி வைத்துவிட்டு அப்படியே அதன்மேல் உட்கார்ந்துவிட்டார். தூறலில் கண்ணாடி நனைந்தது. ஊரார் பிள்ளைகளுக்கெல்லாம் வழி காட்டிவிட்டு என் வீட்டில் விட்டுவிட்டேனே என்று விம்மினார். அவருடைய அழுகை பொய்யில்லை. யாரிடமும் சொல்லக் கூடாது என்று அக்கா கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். சொல்வேனா என்றார்.

ஊர்வம்பு அவருக்கு ஆகாது. ஒருத்தரைப் பற்றி இன்னொருத்தரிடம் குறை பேசி யாரும் கேட்டதில்லை. ஆனால் ஜெபம் வேறு அல்லவா? திங்கட்கிழமை காலை சபையில் ஊழியக்காரர்களும் மாணவர் தலைவர்களும் கூடுகிற ஜெபத்தில், அண்ணன் முழங்காலில் நின்று, குரல் உடைந்து, ஒரு குறிப்பு கொடுத்தார். எங்கள் வீட்டில் ஒரு பிள்ளை விசுவாசத்தில் தடுமாறுகிறது, ஜெபித்துக்கொள்ளுங்கள் என்றார். பெயரைச் சொல்லவில்லை என்பது அவர் கட்சி. வீட்டில் இருப்பதே ஒரு பிள்ளை.

கிட்டார் என்று ஒரு மாணவி உண்டு. சனிக்கிழமைப் பாட்டுக்கு கிட்டார் வாசிக்கிற கடைசி வருஷப் பெண். நல்ல மனசு, வேகம் ஜாஸ்தி. அவள் அன்றைக்கே ஒரு சங்கிலி ஜெபம் ஏற்பாடு செய்தாள். ஒருவர் முடிக்கிற இடத்தில் அடுத்தவர் தொடங்க வேண்டும். ஒவ்வொருவருக்கும் எதற்காக என்று சொல்லத்தானே வேண்டும்? சொன்னாள். வாரம் முடிவதற்குள் குட்டிக்குக் கடவுள் நம்பிக்கை போய்விட்டது என்று விடுதிக் காவலாளி வரைக்கும் தெரிந்துவிட்டது.

குட்டிக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. நூலகத்தில் யாரோ வந்து தோளில் கைவைத்து ஒன்றும் பேசாமல் நின்றுவிட்டுப் போனார்கள். அவள் பையில் யாரோ ஒரு சாக்லேட் போட்டு வைத்திருந்தார்கள். கை கழுவுகிற இடத்தில், முன்பின் தெரியாத முதல் வருஷப் பெண் ஒருத்தி வந்து, "அக்கா, உங்களுக்காக நான் இன்னிக்கு மத்தியானம் சாப்பிடல," என்றாள். முகமெல்லாம் அன்பு. அப்போதுதான் குட்டிக்கு விளங்கியது.

அன்று சனிக்கிழமை. அவள் வீட்டுக்கு வந்தபோது வாசலில் செருப்புகள் குவிந்திருந்தன. ஹாலில் சிரிப்பும் பேச்சுமாக இருந்தது, அவளைப் பார்த்ததும் எல்லாரும் ஒரே நேரத்தில் அமைதியானார்கள். ரொம்பக் கனிவான அமைதி. அவள் நேரே சமையலறைக்குள் வந்தாள். அக்கா முட்டைக்கோஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"நீ சொல்லிட்ட," என்றாள் குட்டி.

அக்கா கத்தியைக் கீழே வைத்தாள். "அப்பாகிட்ட மட்டும்தான்டி சொன்னேன்."

"அப்பாகிட்ட மட்டும்." குட்டி அதையே திரும்பச் சொன்னாள். "உனக்குத் தெரியாதாம்மா அவர? எத்தன வருஷமா கூட இருக்க?"

அண்ணன் பின்னாலேயே வந்துவிட்டார். அவருக்கும் விஷயம் புரிந்துவிட்டது. ஆனாலும் தவறு செய்த முகமாக அது இல்லை.

"நான் யார்கிட்டயும் வம்பு பேசலம்மா. ஜெபிக்கச் சொன்னேன். அது தப்பா?"

"யாரக் கேட்டு சொன்னீங்க?"

"பெத்த அப்பன் யாரக் கேக்கணும்? உனக்குக் காய்ச்சல் வந்தா டாக்டர்கிட்ட சொல்ல மாட்டேனா?"

"டாக்டர் ஊருக்கு மைக் போட மாட்டாருப்பா." குட்டி குரலை உயர்த்தவே இல்லை. ஹாலில் இருப்பவர்களுக்கு இன்னொரு குறிப்பு கொடுக்க வேண்டாம் என்று நினைத்திருப்பாள். "இது எனக்குள்ள மட்டும் இருந்துச்சு. நானே அத என்னன்னு பாத்துக்கிட்டு இருந்தேன். திரும்பி வந்திருப்பேனோ என்னவோ. இப்ப நான் திரும்பி வந்தா, உங்க எல்லாரோட ஜெபமும் கேட்டுச்சுன்னு சாட்சி சொல்லுவீங்க. வரலன்னா அதுக்கும் ஒரு கூட்டம் போடுவீங்க. எனக்குன்னு என்ன மிச்சம் இருக்கு, சொல்லுங்க."

அண்ணன் சமையலறை வாசலிலேயே நின்றார். குட்டி அவரைச் சுற்றிக்கொண்டு தன் அறைக்குப் போனாள். விடுதியில் ஒரு பெண் பாதியில் படிப்பை விட்டுப் போயிருந்தாள், அந்தக் கட்டில் காலியாக இருந்தது. திங்கட்கிழமை குட்டி அங்கே போய்விட்டாள். அவள் கிளம்பும்போது அக்கா வாசல்வரை வந்தாள். வாரத்தில் ஒருநாளாவது வா என்று சொன்னாள். பார்க்கலாம்மா என்று பதில் வந்தது. முகத்தில் கோபம் இருந்திருந்தால்கூடப் பரவாயில்லை. கடைக்காரரிடம் பேசுகிற மரியாதை இருந்தது அதில்.

அதற்குப்பிறகு போன் செய்தால் எடுப்பாள். சாப்டியா, சாப்டேன். குளிருதா, இல்ல. படிக்கிறியா, படிக்கிறேன். கேட்டதற்குப் பதில் உண்டு, அதற்குமேல் ஒரு வார்த்தை கிடையாது. இனி இவள் என்னிடம் எதையும் சொல்லமாட்டாள் என்று அக்காவுக்குத் தெரிந்துபோயிற்று. மகள் வீட்டைவிட்டுப் போனதைத் தாங்கிக்கொள்ளலாம், என்றைக்கிருந்தாலும் போகிறவள்தானே. பேச்சு போனதைத்தான் தாங்க முடியவில்லை.

மெஷினை அவளே இழுத்து ஹாலில் போட்டுக்கொண்டாள். பகலெல்லாம் தைத்தாள். அண்ணன் கல்லூரிக்குப் போய்விட்டால் அந்த வீட்டில் மழைச் சத்தமும் மெஷின் சத்தமும்தான். ஒருநாள் புதன்கிழமை சூப் ஊற்றுகிற இடத்தில் டிப்போ மெக்கானிக் ஒருவர், என்ன அக்கா முகம் வாடியிருக்கு என்று கேட்டுவிட்டார். கரண்டியைப் போட்டுவிட்டுத் துணி மூலைக்குப் பின்னால் போய் நின்று அழுதாள். பழைய துணியின் நாற்றத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதுவிட்டு, மூக்கைத் துடைத்துக்கொண்டு வந்து மறுபடியும் ஊற்றினாள். அதைக்கூட யாராவது பார்த்து ஜெபக் குறிப்பு ஆக்கிவிடுவார்களோ என்று பயமாக இருந்தது.

சனிக்கிழமைகள் நிற்கவில்லை. எப்படி நிற்கும்? வருகிற பிள்ளைகள் என்ன பாவம் செய்தார்கள்? அக்கா அதே அளவு சோறு வடித்தாள், அதே அளவு கோழி வெட்டினாள். ஒரு சனிக்கிழமை, சாப்பாடு முடிந்து, வட்டம் கூடி, அவள் அண்டாவில் கையை விட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். சுற்று கிட்டாரிடம் வந்தது. தன் பரீட்சையைச் சொல்லாமல், இந்த வீட்டை விட்டுப் போன நம் சகோதரிக்காக என்று ஆரம்பித்தாள். கிட்டாரின் இடது பக்கம் இருந்தவன் ஜெபிக்கத் தொடங்கினான். அவன் குட்டியோடு இரண்டு வார்த்தைகூடப் பேசியிருக்க மாட்டான். அவளுடைய இருதயத்தின் கடினத்தைப் பற்றி அழகாக ஜெபித்துக்கொண்டிருந்தான்.

அக்கா கையைக்கூடக் கழுவவில்லை. முழங்கை வரை கரியும் சோப்பு நுரையுமாக ஹாலுக்கு வந்து நின்றாள். கண்ணை மூடியிருந்தவர்கள் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டுத் திறந்தார்கள்.

"கொஞ்சம் நிறுத்துப்பா," என்றாள் அந்தப் பையனிடம். அவன் நிறுத்திவிட்டான்.

"எனக்கும் ஒரு குறிப்பு இருக்கு. நான் இதுவரைக்கும் சொன்னதில்ல." ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள். "எம் பொண்ணப் பத்தி இந்த வீட்ல இனிமே யாரும் பேச வேண்டாம். உங்களுக்குள்ளயும் வேண்டாம். கடவுள்கிட்டயும் வேண்டாம். அவளுக்கு எதாவது பேசணும்னு இருந்தா அவளே பேசிக்குவா. நான் பேசக்கூடாதத பேசித்தான் அவள விட்டுட்டேன். நீங்க எல்லாரும் எனக்குப் பிள்ளைங்கதான். அதனாலதான் கேக்கறேன்."

பழக்க தோஷத்தில் யாரோ ஒருத்தர் ஆமென் சொல்லிவிட்டார். அதற்கு யாரும் சிரிக்கவில்லை. கிட்டார் தலையைக் குனிந்துகொண்டாள், அவள் காதெல்லாம் சிவந்துவிட்டது. அண்ணன் வட்டத்தின் நடுவே, கையைக் கோத்தபடி, எதைச் சொல்லி முடிப்பது என்று தெரியாமல் இருந்தார். கூட்டத்தை முடிக்க அவருக்கு வார்த்தை கிடைக்காமல் போனது அன்றைக்குத்தான். பிள்ளைகள் ஒவ்வொருவராக எழுந்து, வருகிறோம் அக்கா, வருகிறோம் அண்ணா என்று முணுமுணுத்துவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டு போனார்கள்.

கதவு சாத்தியபிறகு, பிள்ளைகளுக்கு முன்னால் இப்படிப் பேசலாமா என்று கேட்டார். ஜெபிக்காதே என்று சொல்லுகிற வீடாகிவிட்டதா இது என்றார். அவர் குரலில் அதட்டல் இல்லை, அடிபட்ட வலிதான் இருந்தது. அக்கா பாயைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். "எனக்கு அவ வேணும்," என்று மட்டும் சொன்னாள்.

அந்தக் கூட்டத்தில் பேசியது எதுவும் அந்த ஹாலுக்குள் தங்கியதில்லை. இது மட்டும் தங்கிவிடுமா? திங்கட்கிழமை கேண்டீன், செவ்வாய்க்கிழமை விடுதி. புதன்கிழமை மத்தியானம், அக்கா சூப் பானையைக் கழுவி வைத்துவிட்டு வீட்டுக்கு வந்து ஈரப் புடவையை மாற்றிக்கொண்டிருக்கும்போது போன் அடித்தது. குட்டிதான். வீட்டைவிட்டுப் போனபிறகு அவளாகக் கூப்பிட்டது இதுவே முதல் தடவை.

"அம்மா, கடவுள்கிட்டகூட பேச வேண்டாம்னு சொன்னியாமே."

"சொல்லிட்டேன். எப்படி வாயில வந்துச்சுன்னு தெரியல."

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது. அழுகிறாளோ என்று அக்கா பயந்தாள். பார்த்தால் சிரிப்பு. முதலில் அடக்கிக்கொண்ட சிரிப்பு, பிறகு அடக்க முடியாத சிரிப்பு, அது எந்த இடத்தில் அழுகையாக மாறியது என்று இருவருக்கும் தெரியவில்லை. பிறகு குட்டி பேச ஆரம்பித்தாள். அக்கா சுவரில் சாய்ந்தபடி தரையில் உட்கார்ந்துவிட்டாள். ரொம்ப நேரம் பேசினார்கள். என்ன பேசினார்கள் என்பதை அக்கா யாரிடமும் சொல்லவில்லை. அதனால் அது இங்கேயும் இல்லை.

சாயங்காலம் அண்ணன் வந்தார். மழையில் நன்றாக நனைந்திருந்தார். துண்டு கொடுத்து, சூடாக டீ போட்டு, ரொட்டியையும் அவித்த முட்டையையும் தட்டில் வைத்தாள். அவர் அவள் முகத்தைப் பார்த்தார். முகம் பார்த்து மனசை அறிவதுதானே அவர் தொழில்.

"குட்டி போன் பண்ணாளா?"

அக்கா முட்டை ஓட்டைக் கையால் கூட்டி எடுத்தாள்.

"என்ன சொன்னா?"

அவள் சமையலறைக்குப் போய்த் திரும்பி வந்தாள். அண்ணன் இன்னும் சாப்பிடாமல் இருந்தார்.

"முழுசா வேண்டாம். நல்லா இருக்காளான்னு மட்டும் சொல்லு. சத்தியமா யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்."

அவர் சொன்னது உண்மை என்று அக்காவுக்குத் தெரியும். அன்றைக்கு வெங்காய மூட்டைமேல் உட்கார்ந்து சொன்னதும் உண்மைதான். நாளைக் காலையில் முழங்காலில் நிற்கும்போது, பக்கத்தில் யாராவது ஒருவர் இருப்பார், அது தானாக வெளியே வந்துவிடும். நெஞ்சில் இருப்பதை ஓசையில்லாமல் வைத்திருக்க அந்த மனிதருக்குத் தெரியாது. நாள் முழுக்க அலைந்து களைத்து வந்து உட்கார்ந்திருக்கிற அவரைப் பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது. கல்யாணமான நாளிலிருந்து அவரிடம் எதையும் மறைத்துப் பழக்கமில்லை. இன்றைக்கு அவரை வெளியே நிறுத்திவிட்டுக் கதவைச் சாத்துவது போலிருந்தது. இருந்தாலும் சாத்தத்தான் வேண்டும்.

"அவகிட்டயே கேளுங்க," என்றாள்.

அண்ணன் போனை எடுத்தார். மகளின் பெயரைத் தேடி எடுத்து, விரலை அதன்மேல் வைக்காமல் அப்படியே பார்த்துக்கொண்டிருந்தார். டீ ஆறிப்போய் மேலே ஆடை படிந்தது. முன்பின் தெரியாத எத்தனையோ பிள்ளைகளுக்கு எதிரே போய் உட்கார்ந்து பேசிய மனிதர், தலையைத் தூக்கி மனைவியைப் பார்த்தார்.

"அவ எடுத்தான்னா என்னன்னு ஆரம்பிக்கிறது?" என்று கேட்டார்.